தானே நிற்கும் மிஷின்

என் வீட்டுக்காரர் தனக்கென்று வாயைத் திறந்து எதையும் கேட்கிற ஆள் இல்லை. செருப்பு பிய்ந்து பல்லை இளித்தால்கூட நான் பார்த்து வாங்கி வந்தால்தான் உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் டீயை ஆற்றிக்கொண்டே, "பெரிய மிஷின் ஒண்ணு பார்க்கணும். மூடி போட்டதா இருக்கணும். தானா ஓடணும், அறுத்து முடிச்சதும் தானா நிக்கணும்" என்றார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

நாங்கள் கல் வேலை செய்கிறவர்கள். வீடு கட்டுகிற கல் இல்லை, மோதிரத்திலும் டாலரிலும் பதிக்கிற கல். அவர் அறுப்பார், நான் தேய்த்து மெருகு போடுவேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட்டில் அவருடைய அறுக்கும் மிஷின் ஒரு பக்கம், என் தேய்க்கும் சக்கரங்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு தடுப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாததற்கு அந்த ஷெட்தான் காரணம்.

பெரிய மிஷின் வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குவாரிக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு அகேட் கல் வாங்கிப் போட்டிருந்தோம். பரங்கிக்காய் அளவு. வெளியே பார்த்தால் சாக்கடை ஓரத்தில் கிடக்கிற கல் மாதிரிதான் இருக்கும். ஒரு ஓரத்தில் உடைந்த இடத்தில் மட்டும் தேன் நிறத்திலும் வெள்ளையிலும் கோடு கோடாகத் தெரியும். அதைப் பலகை பலகையாக அறுத்துத் தந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒரு விளக்குக் கடைக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் பழைய மிஷினின் பிளேடு அந்தக் கல்லுக்குள் பாதிகூடப் போகாது. ஆக, காரணம் சரிதான். காரணம் சரியாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் அதிகமாகும். பொய் சொல்கிறவன்தான் காரணத்தைத் தயாராக வைத்திருப்பான்.

பெரிய மிஷின் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். தானாக நிற்கிற மிஷின் எதற்கு?

எங்கள் பழைய மிஷின் எப்படி ஓடும் என்று சொன்னால்தான் என் கவலை புரியும். கல்லை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிவிட வேண்டும். வைஸ் ஒரு தண்டவாளத்தில் நகரும். அதில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஒரு எடைக்கல். எடை கீழே இழுக்க இழுக்க, கல் வைரத்தூள் பதித்த பிளேடை நோக்கிப் போகும். அடியில் எண்ணெய்த் தொட்டி, பிளேடு சூடாகாமல் இருக்க. ஓட விட்டுவிட்டால் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. ஆனால் காது கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அறுப்பு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் மாறும். அதுவரை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது மெலிந்து, கம்பி மாதிரி மேலே ஏறும். அப்போது ஓடிப் போய் எடையைக் கழற்றி, கல்லைக் கையால் மெல்லத் தள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டால் கடைசிக் கொஞ்சம் அறுபடாமல் பலகை தன் கனத்திலேயே முறிந்து விழும். முறிந்தது பிளேடில் சிக்கினால் பிளேடு வளைந்துவிடும். வளைந்த பிளேடு மறுபடி நேராகாது.

எங்கள் தொழிலில் அறுக்கிறவர் அந்தச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டவர். ஒரு தடவை தலையெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து ஓடி வந்திருக்கிறார். வந்திருந்த வாடிக்கையாளர் அம்மா அன்றைக்கு ஓடியவர்தான், திரும்பி வரவே இல்லை. மிஷின் ஓடுகிறவரை என் வீட்டுக்காரர் எங்கேயும் போக முடியாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. தானாக நிற்கிற மிஷின் வந்துவிட்டால்? மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு மனுஷர் வெளியே போகலாம். மிஷின் இங்கே ஓடிக்கொண்டிருக்கும். இவர் எங்கே இருப்பார்?

சும்மா எழுந்த சந்தேகம் இல்லை இது. கொஞ்ச மாதங்களாகவே ஆள் சரியில்லை. போன் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். முன்பெல்லாம் நான் பக்கத்தில் இருக்கும்போதே ஊர்க்கதை பேசுகிறவர்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டால் "மார்க்கெட் பக்கம்" என்பார். திரும்பி வரும்போது கையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட இருக்காது. நான் பின்னாலிருந்து பேசினால் பதிலே வராது, சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கும். சாப்பிடும்போது வழக்கமான நாற்காலியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார ஆரம்பித்தார். ஏன் என்றால், "ஜன்னல் வெளிச்சம் கண்ணு கூசுது" என்றார். கல்யாணம் காட்சி என்று யார் கூப்பிட்டாலும் தலைவலி வந்துவிடும்.

போன மாதம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. பச்சை ஜாஸ்பர் கல் ஒன்றை ஓடவிட்டு வந்து முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். சத்தம் மாறியது. எனக்கு நன்றாகக் கேட்டது. எழுந்து போவார் என்று பார்த்தேன். அவர் பேப்பரைத் திருப்பினார். நானாவது ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இவர் மனசு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்ற வீம்பு. டப்பென்று பலகை முறிந்து, பிளேடு கடகடவென்று அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் துள்ளி எழுந்து ஓடினார். பிளேடு போயே போய்விட்டது. அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்தார். தொழிலில் பற்று விட்டுப்போன மனுஷன் இப்படித்தான் இருப்பான் என்று முடிவு கட்டினேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்கு இருக்கிற சந்தேகத்தை ஊதிப் பெரிதாக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

"வியாழக்கிழமை வியாழக்கிழமையா? அப்ப யாரோ இருக்காடி" என்றாள்.

"சும்மா இரு அக்கா. அவருக்கு எவ இருக்கப்போறா? சட்டையெல்லாம் எண்ணெய் நாத்தம்."

"எண்ணெய் நாத்தம் பிடிக்கிறவளும் இருப்பா. இல்லன்னா தனியா கடை போடப் பார்க்கிறாரு. உன்னைக் கழட்டி விட்டுட்டு வேற எடத்துல மிஷின் போடுறதுக்குத்தான் பெருசா கேக்குறாரு. நீ கூடவே போ. எந்த மிஷினும் உன் கண்ணுல படாம உள்ள வரக் கூடாது."

இரண்டில் எது மோசம் என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன். இன்னொருத்தி என்றால் சண்டை போட்டுத் துரத்தலாம். தனிக்கடை என்றால்? நான் மெருகு போட்ட கல்லுக்கு அவர் அறுத்த முகம் இருக்கும். வேறு யார் அறுத்துத் தந்தாலும் என் கைக்கு அது ஒட்டாது. அவர் போய்விட்டால் என் சக்கரங்களையும் கழற்றிப் போட வேண்டியதுதான். 

முதலில் மிஷின்கள் விற்கிற பெரிய கடைக்குப் போனோம். டை கட்டிய ஒரு விற்பனையாளர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். அங்கே எனக்குப் பிடித்த மாதிரி ஒன்று இருந்தது. நல்ல கனமான அடித்தளம், பெரிய பிளேடு, எங்கள் பழையது மாதிரியே எடை போட்டு இழுக்கிற வகை. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது.

"இது போதுமே" என்றேன்.

என் வீட்டுக்காரர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விற்பனையாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "தானா நிக்குமா?" என்று கேட்டார்.

"இது நிக்காது சார். நீங்கதான் பக்கத்துல இருந்து பார்த்துக்கணும். அதனாலதான் விலை கம்மி."

"அப்ப வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" என்றேன். "பக்கத்துல இருக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? வேற எங்க போகணும் உங்களுக்கு?"

 அவர் அடுத்த மிஷினிடம் போய்விட்டார். விற்பனையாளர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மாட்டிக்கொண்ட மூன்றாம் ஆளுக்கு வருகிற முகம் அது. தானாக நிற்கிற வகை அங்கேயும் இருந்தது. விலையைக் கேட்டதும் இருவருமே பேசாமல் வெளியே வந்தோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

பிறகு அவரே எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். ஒரு பல் டாக்டர் தன் பழைய மிஷினை விற்கிறாராம். வயதாகிக் கிளினிக்கை மூடிவிட்டவர். பொழுதுபோகாமல் கல் அறுத்துக்கொண்டிருந்தவர். முதுகு பிடித்துக்கொண்டதால் கல் தூக்க முடியவில்லையாம்.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"தெரிஞ்ச ஒரு டாக்டர் சொன்னார்."

"உங்களுக்கு எந்த டாக்டரைத் தெரியும்?"

மென்று முழுங்கினார். "மார்க்கெட் பக்கம் பழக்கம்" என்றார். கறிவேப்பிலை வாங்காத மார்க்கெட்டில் டாக்டரெல்லாம் பழக்கமாகிறார்களாம். யாருக்குக் கதை விடுகிறார்? ஒரு பையில் ஒரு அகேட் துண்டையும் ஒரு பென்சிலையும் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன்.

பல் டாக்டர் வீடு ஒரு தையல்கடைக்கு எதிரே இருந்தது. அவரே வந்து கேட்டைத் திறந்தார். மெலிந்த, வெள்ளை வெளேரென்ற மனுஷர். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். டீ கொடுத்து விற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஷெட்டைத் திறந்து காட்டினார். தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். கல் அறுக்கிற இடம் இப்படி இருந்தால் அங்கே ஏதோ கழுவி மறைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மிஷின் ஒரு பெரிய இரும்புப் பெட்டி மாதிரி நின்றது. மேலே தூக்குகிற மூடி. மூடியைத் தூக்கித் தொட்டிக்குள் விரலை விட்டேன். எண்ணெய் தெளிவாக இருந்தது. அடியில் சேறே இல்லை.

"பழைய எண்ணெய் எங்க டாக்டர்?"

"மாத்திட்டேன்மா. வர்றவங்களுக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு தொட்டியெல்லாம் கழுவி வெச்சேன்."

"கழுவாம வெச்சிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்."

அவருக்குப் புரியவில்லை. ஒரு மிஷினின் வண்டவாளமெல்லாம் தொட்டியின் அடியில் இருக்கிற சேற்றில்தான் இருக்கிறது. என்ன கல் அறுத்தார்கள், பிளேடு எவ்வளவு தேய்ந்து கொட்டியது, தண்ணீர் கலந்து ஓட்டித் துருப்பிடிக்க விட்டார்களா, எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். இவர் கழுவிவிட்டார். பல் பிடுங்குகிறவர் வாயைக் கொப்பளிக்கச் சொல்கிற மாதிரி மிஷினையும் கொப்பளிக்க வைத்திருக்கிறார்.

நான் விடவில்லை. பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன், ஆடவில்லை. பென்சில் முனையைப் பிளேடின் ஓரத்துக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்றச் சொன்னேன். ஒரு சுற்றிலும் பென்சிலில் படவில்லை, அதாவது வளைவு இல்லை. வைஸைத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் தள்ளி, பிளேடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. குறை எதுவும் அகப்படாததில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். தண்டவாளத்தின் முடிவில், வைஸ் வந்து இடித்தால் கரண்டைத் துண்டிக்கிற ஒரு சின்ன சுவிட்ச். அதைக் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

"இதுதான் வேணும்" என்றார்.

"ஓட்டிப் பார்க்காமயா?" என்று அவர் கையைத் தட்டிவிட்டு, நான் கொண்டு வந்த அகேட் துண்டை வைஸில் இறுக்கினேன். மூடியைப் போட்டேன். டாக்டர் சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் முனகிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. முதலில் கொசு மாதிரி மெல்லியதாக. அப்புறம் ஏறியது. தகரத்தை ஆணியால் கீறினால் வருமே, அதை விடாமல் ஒருவர் கீறிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. பல் கூசியது, உடம்பு சிலிர்த்தது. நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் முகம் வெளுத்துப்போய், "ஐயையோ, இது என்னன்னு தெரியலையே, இப்படி வந்ததே இல்லையே" என்று பதறினார்.

மாட்டிக்கொண்டாய் என்று எனக்குள் ஒரு குதூகலம். பேரிங் காய்ந்துபோன மிஷினை, எண்ணெயை மாற்றிப் பளபளவென்று துடைத்து எங்கள் தலையில் கட்டப் பார்த்தாயா? கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தோடு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

அவர் மூடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை லேசாக மூடியிருந்தார். முகத்தில் புன்னகை.

"பட்டு மாதிரி ஓடுது" என்றார். "சத்தமே இல்ல பாரு."

மிஷின் வீல் வீலென்று அலறிக்கொண்டிருந்தது. எதிர்க் கடையில் தைத்துக்கொண்டிருந்தவர்கூட எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"சார், கிண்டல் பண்ணாதீங்க சார்" என்றார் டாக்டர், அழாத குறையாக. "சத்தியமா எனக்குத் தெரியாது. ரொம்ப நாளா ஓட்டாம கிடந்துச்சு."

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். டாக்டரின் உதட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற தையல்காரரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். என் கைகள் இன்னும் காதின் மேல்தான் இருந்தன. அவர் முகத்திலிருந்த புன்னகை அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறிவிட்டன. உள்ளங்கையை மெதுவாக மூடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தலைக்குள் ஏதோ டப்பென்று முறிந்து விழுந்தது. பேப்பரைத் திருப்பிய கை. எதிர்ப்பக்கத்து நாற்காலி. கொல்லைப்பக்கத்துப் போன். பெரிய கடையில் விற்பனையாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை நாள் எந்த முகத்தை நான் திருட்டு முகம் என்று பார்த்துக்கொண்டிருந்தேனோ, அது பக்கத்திலிருப்பவர் என்ன சொல்கிறார் என்று தவித்துக்கொண்டிருந்த முகம்.  அந்த அலறலுக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்தது.

நானே போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

"அவர் அப்படித்தான் டாக்டர்" என்றேன். "எதுக்கெடுத்தாலும் கிண்டல். எங்க கல்யாணத்துலயே அப்படித்தான் பேசினார். மனசுல வெச்சுக்காதீங்க."

டாக்டருக்கு உயிர் வந்தது. பேரிங்கை மாற்றித் தருவதாகவும், அதற்குப் பிறகு வந்து பார்த்தால் போதும் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏமாற்றுக்காரர் இல்லை, வெறும் சுத்தக்காரர். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எவ்வளவு கேட்டது, எவ்வளவு கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

தெருவுக்கு வந்தோம். அவர் வழக்கம்போல என் இடது கைப்பக்கம் நடந்தார். எப்போதிருந்து இது வழக்கம்? நான் அவருக்குப் பின்னால் சுற்றிப் போய் மறுபக்கம் வந்தேன். அவருடைய இடது காது என் பக்கம் இருந்தது.

"எத்தனை நாளா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

ஓடிப் போய் எதிரே நின்றேன். "எத்தனை நாளா?"

நின்றுவிட்டார். "ஒரு வருஷம் இருக்கும்" என்றார். "மெல்லிசான சத்தம்தான் முதல்ல போச்சு. அப்புறம் இடது பக்கம் மொத்தமா போயிடுச்சு. வலதுல பேச்சு கேக்கும். கீச்சுனு வர்றது எதுவும் கேக்காது. இந்த மிஷின் சத்தத்துலயே கிடந்ததால வந்ததாம்."

"வியாழக்கிழமை?"

"காது டாக்டர். அவர்தான் இந்த டாக்டரைப் பத்திச் சொன்னார்."

"போனு?"

"ஸ்பீக்கர்ல போட்டு சத்தத்தைக் கூட்டி வெச்சாத்தான் புரியுது. உள்ள வெச்சுப் பேசினா உனக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன?" என்றேன். "தெரிஞ்சா உங்களைக் கொன்னா போடப்போறேன்?"

"மிஷின்கிட்ட விடமாட்ட" என்றார். "அன்னிக்குப் பலகை விழுந்தப்பவே எனக்குப் பயம் வந்துடுச்சு. அறுக்குறவனுக்குக் காதுதானே எல்லாம். அது இல்லன்னு தெரிஞ்சா, நீ தேய்க்கிறதுக்கு வேற ஆளை வெச்சு அறுக்கச் சொல்லுவியோன்னு நினைச்சேன். தானா நிக்குற மிஷின் வந்துட்டா யாருக்கும் தெரியாம ஓட்டிடலாம்."

அவர் என்னை விட்டுப் போய்விடுவார் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், நான் அவரை ஒதுக்கிவிடுவேன் என்று இவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில். ஒரே தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "யாரோ ஒருத்தி இருக்கான்னு நீயும் உங்க அக்காவும் பேசிக்கிட்டீங்களாமே. அக்கா வீட்டுக்காரர் என்கிட்ட கேட்டார். தனியா கடை போடப் போறேன்னும் நினைச்ச. பால்காரனைச் சந்தேகப்படுவ, தராசைச் சந்தேகப்படுவ, கழுவின தொட்டியைக்கூடச் சந்தேகப்படுவ. நீயே ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடுவேன்னுதான் நான் இருந்தேன். என்னைப் பத்தி எல்லா சந்தேகமும் உனக்கு வந்துச்சு. இந்த மனுஷனுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையோன்னு ஒரு சந்தேகம் மட்டும் வரவே இல்லையே, ஏன்?"

  எதிரே நிற்க முடியாமல் நகர்ந்து, அவருக்குப் பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "மன்னிச்சிடுங்க" என்றேன். வாழ்க்கையில் யாரிடமும் நான் சொல்லியிராத வார்த்தை. வாயிலிருந்து முனகலாகத்தான் வந்தது.

"என்னது?" என்றார்.

"மன்னிச்சிடுங்க."

"கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

"மன்னிச்சிடுங்க!" என்று கத்தினேன். நடுத்தெருவில், ஷெட்டிலிருந்து அந்த பேரிங் கத்தினதைவிடச் சத்தமாக. தையல்காரர் மிதித்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பல் டாக்டர் கேட்டைத் திறந்துகொண்டு, தன்னைத்தான் யாரோ மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, "நாளைக்கே மாத்திடுறேன்மா" என்று இரண்டு கையையும் உயர்த்தினார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. ஊரைக் கூட்டாத" என்றார் என் வீட்டுக்காரர். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மிஷின் இப்போது எங்கள் ஷெட்டில்தான் இருக்கிறது. பேரிங் சத்தத்தை நான் காதால் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் வாங்கினோம். அறுப்பு முடிந்ததும் தானே நிற்கிறது. இருந்தாலும் சத்தம் மாறும்போது நான் தடுப்பைத் தட்டுகிறேன், அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கிறார். பரங்கிக்காய் கல்லைப் பலகை பலகையாக அறுத்துக் கொடுத்துவிட்டோம், ஒன்றுகூட முறியவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னபோது அக்கா போனிலேயே அழுதாள்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தெருவில் முதல் தடவை நான் அந்த வார்த்தையை மெதுவாகச் சொன்னேனே, அப்போது அவருக்குப் பேச்சு கேட்கிற வலது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.